ஒரே சுவருக்கு இரண்டு நீளம்

காஞ்சிபுரத்து நெசவாளர் தெரு வீடுகளுக்கு ஒரு தனி வடிவம் உண்டு. தெருவைப் பார்த்த அகலம் குறைவு. உள்ளே போகப் போக வீடு நீண்டுகொண்டே இருக்கும். முன்கூடத்தில் தறி, அதைத் தாண்டி அடுப்படி, கடைசியில் கொல்லை. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவில் ஒரே சுவர். பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஒரு வீட்டை மனத்தில் கட்டிக்கொள்வோம். தாத்தா கிரயம் வாங்கிய வீடு அது. அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். வங்கிக் கடனுக்காகப் பேரன் தகரப் பெட்டியைத் திறந்து காகிதங்களைப் பரப்புகிறான். தாத்தாவின் பத்திரத்தில் பொதுச்சுவர் 68 அடி என்றிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் அதே சுவர் 70 அடி. நகர நில அளவைப் பதிவேட்டில் உள்ள பரப்பு இரண்டு கணக்குக்கும் ஒத்துவரவில்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில். வீட்டுவரி ரசீது பெரியப்பா பெயரில். மின் இணைப்பு அப்பா பெயரில். அத்தையின் பெயர் எதிலும் இல்லை.

இத்தனைக்கும் இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு காகிதமும் எழுதிய நாளில், எழுதியவருக்குத் தெரிந்த வரையில், நேர்மையாகவே எழுதப்பட்டது. பிறகு ஒரே சுவருக்கு இரண்டு நீளம் எப்படி வந்தது? ஒரே வீட்டுக்கு மூன்று பெயர் எப்படி வந்தது?

இது அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கிய புதிர் அன்று. 'தக்ஷ்' என்ற ஆய்வு அமைப்பு 2016-ல் நாடு முழுவதும் நீதிமன்றங்களுக்கு வந்தவர்களிடம் விசாரித்தது. உரிமையியல் வழக்கு நடத்துபவர்களில் 66 விழுக்காட்டினரின் வழக்கு நிலத்தையோ சொத்தையோ பற்றியது என்று தெரிந்தது.

புதிரை அவிழ்க்க, முதலில் இந்தக் காகிதங்கள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று பார்க்க வேண்டும். கிரயப் பத்திரம் கல்யாணப் பத்திரிகை மாதிரி. இன்னாருக்கும் இன்னாருக்கும் இந்த நாளில் இப்படி ஒரு காரியம் நடந்தது என்பதற்கு அது சாட்சி. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அது பொறுப்பேற்காது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிவு செய்கிறது, உரிமையை அன்று. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைச் செல்லாது என்று அறிவித்தபோதும் உச்ச நீதிமன்றம் இதையே சுட்டிக்காட்டியது. பட்டா ரேஷன் கார்டு மாதிரி. அரசு யாரிடம் தீர்வை வாங்க வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் பெயர்ப்பட்டியல் அது; பட்டா மட்டுமே ஒருவரை உரிமையாளர் ஆக்கிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. புலப்படம் புகைப்படம் மாதிரி. நிலத்தின் உருவம் அதில் தெரியும். யாருடையது என்று தெரியாது.

பத்திரம் பதிவுத்துறையிடம், பட்டா வருவாய்த்துறையிடம், படம் நில அளவைத்துறையிடம். மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்துக்காகப் பிறந்தவை.

காஞ்சிபுரத்துக்காரருக்கு இதைக் கோர்வையை வைத்தே சொல்லிவிடலாம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். தறிகாரர் ஒருவரால் மட்டும் அது ஆகாது. பக்கத்தில் ஓர் உதவியாள் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் சேலை கிழிந்தாலும் கரை பிரியாது. நம் நிலப்பதிவில் உடல் ஒரு தறியில் நெய்யப்பட்டது, கரை வேறொரு தறியில். பிறகு இரண்டையும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தையல் பிரியும் இடத்தில் வழக்கு தொடங்குகிறது.

இப்படித் தைத்த பதிவில் கிடைப்பதை 'அனுமான உரிமை' என்று சொல்லலாம். வேறு யாரும் வந்து மறுக்கும் வரை, இவர்தான் உரிமையாளர் என்று ஊகித்துக்கொள்வது. இதற்கு எதிர்முனையில் 'அறுதி உரிமை' இருக்கிறது. 1858-ல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறை அது: பதிவேட்டில் பெயர் இருந்தால் அதுவே உரிமை, அதற்கு அரசே பிணை. கேட்க இனிக்கும் ஏற்பாடுதான். ஆனால் பிணை கொடுக்கும் முன் பதிவேட்டில் இருக்கும் பெயர் சரியான பெயராக இருக்க வேண்டுமே! ஆந்திரப் பிரதேசம் 2022-ல் இந்த வழியில் ஒரு நில உரிமைச் சட்டம் இயற்றியது. தங்கள் நிலம் ஓர் அலுவலரின் ஒரு வரிப் பதிவில் கைமாறிவிடுமோ என்ற அச்சம் மக்களிடம் பரவி, 2024 தேர்தலில் பெரும் பேச்சாகி, அதே ஆண்டு சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அஸ்திவாரத்தைப் பார்க்காமல் மாடி எழுப்பினால் கீழ்வீட்டுக்காரர் பயப்படத்தான் செய்வார்.

அஸ்திவாரம் என்பது அளவு. அளப்பது எப்படி என்று பார்ப்போம்.

சோழர்கள் நிலம் அளந்த 16 சாண் கோலுக்கு 'உலகளந்த கோல்' என்று பெயர். காஞ்சிக்காரருக்கு அந்தப் பெயர் புதிதன்று; காலடியால் மண்ணளந்த பெருமாள் அவர்கள் ஊர் நடுவிலேயே ஓங்கி நிற்கிறார். கி.பி. 1001 வாக்கில் முதலாம் ராஜராஜன் காலத்திலும், பிறகு 1086-ல் முதலாம் குலோத்துங்கன் காலத்திலும் பெரிய அளவில் நிலம் அளக்கப்பட்டது. தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு வருகிறது. வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கர் போல. அதை அத்தனை பங்காக்கினால் ஒரு பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர்தான். ஒரு கடுகு வைக்கக்கூட இடம் போதாது. எந்தக் கோலாலும் அதை வயலில் அளந்திருக்க முடியாது. கீழ்வாய்க் கணக்கில் பெருக்கி வகுத்ததில் வந்த எண் அது.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஓர் எண்ணைப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வரை எழுதுகிறோம் என்பது நுண்மை. அந்த எண் உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது மெய்மை. கணினிப் பட்டாவில் பரப்பு பிசிறில்லாமல் அச்சாகி வருகிறது. அந்த அச்சின் அழகு நுண்மையைத்தான் காட்டுகிறது. மெய்மை வேண்டுமென்றால் அந்த எண் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அது வெயிலில் இழுத்துப் பிடித்த ஒரு சங்கிலியில் பிறந்தது.

சங்கிலி வெயிலில் நீளும். 1802 ஏப்ரல் 10-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியபோது, சங்கிலியைக் கூடாரத்தின் நிழலில் மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். 20 டிகிரி வெப்பம் ஏறினால் 100 அடி எஃகுச் சங்கிலி ஏறக்குறைய ஒரு நெல்மணி அளவு நீளும். ஒரு நெல்மணிதானே என்று விட்டுவிட முடியாது. அவர் அளந்த கோடு ஏழரை மைல். ஏறக்குறைய 400 முறை சங்கிலியை வைத்து எடுக்க வேண்டும். நெல்மணிகள் சேர்ந்து மூன்று மீட்டராகிவிடும்.

ஊர் வயலை அளந்தவர்களுக்கு அந்தக் கூடாரமும் வெப்பமானியும் கிடைக்கவில்லை. ஆனாலும் தமிழகத்துப் புலப்படம் தன் காலத்துக்கு மிகவும் தேர்ந்த கருவி என்றே சொல்ல வேண்டும். வயலை மூலைவிட்டத்தால் முக்கோணங்களாகப் பிரித்து, அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக எத்தனை தூரம் என்று எண்ணால் எழுதி வைத்தார்கள். படம் கிழிந்து பாதி போனாலும், எண்கள் இருந்தால் வயலை மறுபடி வரைந்துவிடலாம். அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது: ஒவ்வொரு புலமும் தனித்தனியாக அளக்கப்பட்டது. இந்தப் புலம் பூமியில் சரியாக எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்ற விலாசம் அதில் இல்லை. பத்துத் தையற்காரர்கள் பத்து வீட்டில் உட்கார்ந்து வெட்டிய துண்டுகளைச் சேர்த்து ஒரு விரிப்பு தைக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஓர் இடத்தில் துணி ஏறிக்கொள்ளும், ஓர் இடத்தில் இடைவெளி விழும். புலப்படங்களைக் கணினியில் ஏற்றி ஊர்ப்படமாக ஒட்டவைக்க முயன்றபோது நடந்தது இதுதான். ஒரே வரப்புக்கு இந்தப் புலத்தில் ஒரு நீளம், அடுத்த புலத்தில் ஒரு நீளம். பிள்ளையார்பாளையத்துச் சுவரின் கதையும் அதே கதை.

பிழை இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சிக்குக் கோலம் போடுபவர்களுக்கு அந்த வித்தை தெரியும். தொடங்கிய புள்ளியிலிருந்து கம்பியை இழுத்துக்கொண்டு போய், எல்லாப் புள்ளியையும் சுற்றி, அதே இடத்தில் வந்து முடிய வேண்டும். முடியாவிட்டால் வழியில் எங்கோ ஒரு வளைவு தப்பியிருக்கிறது. நில அளவரும் வயலைச் சுற்றி வந்து புறப்பட்ட கல்லுக்கே திரும்புகிறார். கணக்கில் வந்த இடத்துக்கும் கல் இருக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை 'மூடல் பிழை' எனலாம். தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் சுற்று அது. இதைவிட நேர்மையான சோதனை அளவையில் குறைவு.

விலாசம் இல்லாத குறையை இன்று செயற்கைக்கோள் தீர்க்கிறது. கைபேசியும் செயற்கைக்கோளைக் கேட்டுத்தான் இடம் சொல்கிறது. ஆனால் சில மீட்டர் தவறும். வாடகைக் காரைக் கூப்பிட அது போதும். 15 அடி அகல வீட்டில் நான்கு மீட்டர் தவறினால் பக்கத்து வீட்டுத் தறிமேல் போய் நிற்போம். 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து வரும் சைகை வளிமண்டலத்தைக் கடக்கும்போது தாமதமாவது இதற்கு முக்கியக் காரணம். அதைச் சரிசெய்யும் உபாயம் மளிகைக்கடைக்காரர் உபாயம்தான். தராசு கோளாறு என்று சந்தேகம் வந்தால் ஒரு கிலோ படிக்கல்லை வைத்துப் பார்க்கிறார். 1,020 கிராம் காட்டினால், அன்று முழுவதும் எல்லா எடையிலும் 20 கிராமைக் கழித்துவிடுகிறார். அதுபோல, மிகத் துல்லியமாக இடம் தெரிந்த ஒரு புள்ளியில் ஒரு வாங்கியை நிரந்தரமாக வைக்கிறார்கள். தன் உண்மையான இடம் அதற்குத் தெரியும். செயற்கைக்கோள் அந்த நொடியில் சொல்லும் இடமும் தெரியும். வித்தியாசம்தான் அந்த நொடியின் பிழை. அதைச் சுற்றுவட்டாரத்தில் உள்ள நடமாடும் கருவிக்கு உடனே அனுப்புகிறது. சர்வேயர்கள் 'ரோவர்' என்று சொல்லும் அந்தக் கருவி பிழையைக் கழித்துக்கொண்டு, சில சென்டிமீட்டருக்குள் இடம் சொல்லிவிடுகிறது. இந்து சமய அறநிலையத்துறை 2021 முதல் இப்படி ரோவர் கொண்டு கோயில் நிலங்களை அளந்து கல் நட்டுவருகிறது. அளந்தது ஒரு லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு தூரம் வந்தபின் கருவி வென்றுவிட்டது என்றே தோன்றும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். வரப்பு எங்கே இருக்கிறது என்று ரோவர் சொல்லும். அந்த வரப்பு முப்பது ஆண்டுகளுக்கு முன்னும் அங்கேதான் இருந்ததா, ஆண்டுக்கு ஒரு மண்வெட்டி வீதம் நகர்ந்து வந்ததா என்று சொல்லாது. கோயில் பெயரில் பட்டா உள்ள அடிமனையில் நான்கு தலைமுறையாக வாடகை கட்டிக்கொண்டு தறி ஓட்டும் குடும்பம் காஞ்சிபுரம் போன்ற கோயில் ஊர்களில் உண்டு. அங்கே மண் ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது. பாசனக் கால்வாயில் தண்ணீர் விடும் உரிமை, அறுவடைக் காலத்தில் வண்டிப்பாதை, கொல்லை வழியாகக் கிணற்றுக்குப் போகும் தடம் என்று ஒரே மண்மேல் பல உரிமைகள் கத்தையாகக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட வானத்திலிருந்து தெரியாது. தெரிந்தவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள்.

இது நம் பழைய பத்திரம் எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எந்தக் கிரயப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். சக்குபந்தி என்று ஒரு பகுதி வரும். இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் மனைக்குத் தெற்கு, தெருவுக்கு வடக்கு. நிலத்தின் விலாசத்தையே அண்டை வீட்டுக்காரர்களைக் கொண்டு எழுதியிருக்கிறார்கள். நான்கு பேர் ஒப்புக்கொண்டால்தான் அந்த மனை அந்த இடத்தில் இருக்கிறது. அதற்கும் முன்னால், சோழர் காலச் செப்பேடுகளில், தானம் கொடுத்த ஊரின் எல்லையைப் பெண்யானையை நடத்திச் சுற்றிக் காட்டி, கல்லும் கள்ளியும் நட்ட செய்தி வருகிறது. திருவாலங்காட்டுச் செப்பேட்டில் பழையனூர் எல்லை அப்படித்தான் குறிக்கப்பட்டது. ஆனைமங்கலம் செப்பேட்டில் சுற்றியிருந்த ஊர்களின் சார்பில் வந்தவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். யானை மெதுவாக நடக்கும். ஊர் முழுக்கப் பார்க்கும். மறுப்பவர் அங்கேயே மறுக்கலாம். சோழர் காலத்துக் கள ஆய்வு அது.

பின்னாளில் 1767 முதல் 1774 வரை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகிரை அளந்தபோது, காஞ்சிபுரமும் சேர்ந்த அந்தப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களின் கணக்கு திரட்டப்பட்டது. ஏரி எத்தனை, நஞ்சை எவ்வளவு, யாருக்கு எந்த மானியம் என்று ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எழுதிய ஓலைகள் அதற்கு அடிப்படை. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அவை இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. வெளியிலிருந்து வந்தவர் சங்கிலி கொண்டுவந்தார். ஊர் தன் நினைவைக் கொண்டுவந்தது.

இந்த இரண்டும் சேராமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 1979 ஜூனில் அரசு நிலவுடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மக்கள் இன்றும் அதை 'யு.டி.ஆர்.' என்றே சொல்கிறார்கள். செத்துப்போனவர் பெயரை நீக்கி, அனுபவத்தில் இருப்பவர் பெயரைச் சேர்த்து, ஏக்கர், சென்ட் கணக்கை ஹெக்டேர், ஏர் கணக்காக்கி, 1987 ஏப்ரல் வரை அந்த வேலை நடந்தது. நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை; மாநிலம் முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் பதிவைச் சீராக்க முனைந்த பெருமுயற்சி அது. ஆனால் அதன் நடுவில், 1980 நவம்பரில், பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. ஒழித்ததற்கு நியாயம் இருந்தது. ஊர்க் கணக்கு ஒரு சில குடும்பங்களின் கையில் அதிகாரமாக இறுகிக் கிடந்தது. ஆயினும் எந்தக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்ற நினைவும் அந்தக் கைகளில்தான் இருந்தது. அந்த நினைவை ஊர் நடுவில் வைத்துப் பேசிப் பொதுச் சொத்தாக்கிவிட்டு அவர்களை அனுப்பியிருந்தால் வேறு கதை. அப்படி நடக்கவில்லை. அவசரத்தில் அண்ணன் பெயர் மட்டும் ஏறி, தம்பி விட்டுப்போனது. இரண்டு புல எண்கள் இடம் மாறின. தரிசு என்று எழுத வேண்டிய இடம் புறம்போக்கு ஆனது. பின்னர் 'தமிழ் நிலம்' மென்பொருளில் ஏற்றப்பட்டது இந்தப் பதிவேடுதான். கையெழுத்துப் பிழைக்குக் கணினி எழுத்தின் மதிப்பு கிடைத்துவிட்டது. இன்றும் வருவாய் அலுவலகங்களுக்கு 'யு.டி.ஆர். பிழைத் திருத்தம்' என்ற தலைப்பிட்டு மனுக்கள் வந்தவண்ணம் இருக்கின்றன.

ஊரைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஊர் என்றால் யார்?

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் அங்கே பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது. கணக்குக் காட்டாதவர் மறுபடி உறுப்பினராக முடியாது. அருமையான ஏற்பாடு. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர் ஊர்ச்சபை. நிலத்தை உழுதவருக்கு அந்த மண்டபத்தில் இடமில்லை.

ஆயிரம் ஆண்டு கழித்து, அதே வட்டாரத்தில், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் ஓர் அறிக்கை எழுதினார். தீண்டாமைக்கு ஆளான உழைப்பாளிகளுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, நிலம் கேட்டால் மிராசுதாரர்கள் மறித்துவிடுகிறார்கள் என்று அதில் விவரமாகக் காட்டினார். 1892-ல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் வந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்தச் சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்வது வழக்கம். நிபந்தனை தாளில் இருந்தது. பல இடங்களில் நிலம் கைமாறிப் போயிற்று. புதுப்பித்த பதிவேடுகளில் பிறர் பெயர்கள் ஏறின. 1994-ல் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியவர்களில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டால் எல்லோரும் பேசிவிடுவார்கள் என்று நம்புபவர்கள் காரணையை நினைத்துப் பார்க்க வேண்டும். யார் முன்னிலையில், எந்த இடத்தில், எந்தப் பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் வரும்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள் இதைக் கவனமாகக் கையாள்கின்றன. உரிமை கோருபவர் அல்லாத வேறு மூத்தோர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. ஆனால் ஒரே ஒரு சான்று போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கிராம சபை பார்க்க வேண்டும். பாட்டி சொன்ன பழைய சுடுகாடு, பழைய வரைபடத்தில் தெரிகிறதா? அபராத ரசீதில் அந்த இடத்தின் பெயர் வருகிறதா? ஒன்றோடு ஒன்று பேசி வைத்துக்கொள்ளாத இரண்டு சாட்சிகள் ஒரே இடத்தைச் சுட்டும்போது நம்பிக்கை கூடுகிறது. எந்த அறிவியலும் உண்மையை நெருங்கும் வழி இதுதான்.

பெரிய அளவில் இதைச் செய்துகாட்டிய நாடு ருவாண்டா. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு பரப்புள்ள நாடு. 1994-இல் நடந்த இனப்படுகொலைக்குப் பிறகு யார் நிலம் எது என்பதே பெரும் குழப்பமாக இருந்தது. 2009-ல் நாடு தழுவிய அளவில் தொடங்கி, 2013-க்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகளைப் பதிவு செய்தார்கள். பட்டம் பெற்ற நில அளவர்களை நம்பியிருந்தால் அது பல தலைமுறை வேலை. அதனால் அந்தந்த ஊர் இளைஞர்களுக்கே சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு வயலுக்கே போனார்கள். அண்டை நிலத்துக்காரர்கள் சுற்றி நிற்க, வரப்பு ஓடும் இடத்தைப் படத்தின்மேல் பேனாவால் இழுத்தார்கள். சச்சரவு இருந்தால் அதையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு பட்டியலை ஊரில் எல்லோரும் பார்க்க வைத்து, மறுப்பு கேட்டார்கள். ஒரு துண்டுக்கு ஆன செலவு ஆறேழு டாலர் அளவில் முடிந்தது.

பேனாக் கோடு என்றால் துல்லியம் போய்விடாதா? கொஞ்சம் போகும். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே துல்லியம் தேவையில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. இங்கிலாந்தின் பதிவேடே இன்றும் பெரும்பாலும் 'பொது எல்லை' முறையில்தான் இயங்குகிறது: வேலி இந்த வாக்கில் ஓடுகிறது என்று படம் காட்டும், அங்குலக் கணக்குக்கு அது பொறுப்பேற்காது. ஆற்றோர மானாவாரி நிலத்துக்கு அது போதும். பிள்ளையார்பாளையத்துப் பொதுச்சுவருக்குப் போதாது. அங்கே ரோவரோ எஃகு நாடாவோ வேண்டும். சமையலில் உப்புக்கும் தண்ணீருக்கும் ஒரே கரண்டி வைத்து அளப்பதில்லை அல்லவா?

ருவாண்டாவில் முதலில் சோதித்துப் பார்த்த இடங்களை ஆராய்ந்த உலக வங்கி ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். சட்டப்படி மணம் பதிந்த பெண்களின் உரிமை கூடியிருந்தது. பதியாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்களின் உரிமை முன்பைவிடக் குறைந்திருந்தது. காரணம் படிவத்தில் இருந்தது, வயலில் அன்று. மனைவி என்ற கட்டத்துக்குள் அவர்கள் வரவில்லை. கண்டுபிடித்த பின் அதைச் சரிசெய்ய முயன்றார்கள். இன்னொரு சிக்கல் மெதுவாகத் தெரிந்தது: பெயர் மாற்றக் கட்டணம் சிறு விவசாயிக்கு அதிகமாக இருந்ததால், பலர் விற்றும் வாங்கியும் பதிவேட்டுக்குச் சொல்லாமல் விட்டார்கள். மகள் கல்யாணமாகிப் போன பின்னும் அவள் பெயர் ரேஷன் கார்டில் இருந்துகொண்டே இருப்பது போல, சரியாக எழுதிய பதிவேடும் வைத்த இடத்திலேயே பழசாகிறது.

நம்மிடம் இதற்கான சட்டம் இல்லாமல் இல்லை. 1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அளக்கும் முன் அறிவிப்பு கொடுத்து, அக்கறையுள்ள எல்லோரையும் வந்து எல்லை காட்டச் சொல்ல வேண்டும். முடிவைப் பதிவுதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏற்காதவர் மேல்முறையீடு செய்யலாம். இறுதி அறிவிப்புக்குப் பின்னும் மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றம் போகலாம். ஒரு நூற்றாண்டுக்கு முன்னே மக்கள் பங்கேற்பைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அறிவிப்பு அலுவலகச் சுவரில் ஒட்டியதோடு நின்றால் அது பங்கேற்பாகாது. வேலை விட்டு வந்து நிற்கும் நேரத்தில், புரியும் மொழியில், வரைபடத்தை விரித்து வைத்துக் கேட்டால்தான் ஆகும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பசலி ஆண்டு முடியும் மே, ஜூனில் வட்ட அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. அந்தக் கூட்டங்களில் பயனாளிப் பட்டியல் வாசிக்கிறார்கள், வரவு செலவு வாசிக்கிறார்கள். அந்த ஆண்டு பட்டா மாறிய புல எண்களையும், பழைய பெயர், புதிய பெயர், பரப்பு என்று உரக்க வாசித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கைபேசியில் தன் பட்டாவைப் பார்த்துக்கொள்ளும் வசதி வந்திருப்பது பெரிய நன்மை; ஆனால் தன் பிழையைத் தான் மட்டும் பார்க்க முடிகிறது. அத்தை பெயர் விட்டுப்போனதை அண்டை வீட்டுக்காரிதான் எழுந்து கேட்பாள்.

அத்தைக்குப் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படியே அவளுக்குச் சமபங்கு.

அந்த வீட்டுக்கே திரும்புவோம். வாரிசுச் சான்றில் தாத்தாவின் மூன்று பிள்ளைகளின் பெயரும் ஏறி, உட்பிரிவுக்கு விண்ணப்பித்த பின் நில அளவர் வருகிறார். நாடாவின் ஒரு முனை தெருச்சுவரில், மறு முனை கொல்லையில். 68 அடிதான் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் 70 என்று எழுதிய தன் பத்திரத்தைக் காட்டுகிறார். எதிர்வீட்டுப் பெரியவர், பாவு தோய்ந்து முடித்த கையோடு எழுந்து வந்து, தெருவில் சாக்கடை கட்டியபோது இந்த வரிசை முழுக்கத் திண்ணையை இடித்தார்கள், அந்த இரண்டு அடி அதுதான் என்கிறார். நில அளவர் சாக்கடை ஓரத்தில் குனிந்து பார்க்கிறார். சிமெண்டுக்கு அடியில் பழைய திண்ணையின் செங்கல் வரிசை தெரிகிறது. நாடாவை அங்கிருந்து மறுபடி பிடிக்கச் சொல்லி, இரண்டு நீளத்தையும் காரணத்தோடு சேர்த்து எழுதிக்கொள்கிறார்.